ஒத்தப் பெட்டிக்கு ஏழு மார்க்

என் மனைவி வசந்தாவைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது என் கையில் போன் இருந்தது, போனில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. வீடியோ கேமுக்கு விமர்சனம் எழுதுகிறவன் பிழைப்பு அப்படி, நடுவில் நிறுத்தி வைக்க முடியாது.

இதைப் படித்ததும் பலர் முகம் சுளிப்பீர்கள். இதே தொழிலில் இருக்கிற சிலர் மட்டும் தலையை ஆட்டுவீர்கள். "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு அரைமணி நேரம் கழித்து எழுந்தவர்கள், ஆறிப்போன சோற்றைப் பேசாமல் தின்றவர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சோறு போடும் தொழில் ஒரத்தநாட்டில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது. பள்ளிக்கூடம் பத்தாவதோடு நின்றுவிட்டது. காயில் கட்டி வார்னிஷ் ஊற்றினால் அது காய்கிறவரை கடையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் போனில் சுடும் ஆட்டங்களைப் பழகினேன். அதில் வரும் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஆடியதைப் பற்றித் தமிழில் நாலு வரி எழுதி ஒரு சின்ன இணையதளத்துக்கு அனுப்பினேன். போட்டார்கள். அதிலிருந்து எட்டு வருடமாக எழுதுகிறேன்.

நாலு பேர் பாவம்

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் வசந்தாவுக்கு ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு புது ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தேன். அதன் ஆங்கிலப் பெயர் நீளமானது. எங்கள் பக்கத்தில் ஆடுகிறவர்கள் 'ஒத்தப் பெட்டி' என்பார்கள். ஐந்து பேர் ஓர் அணி, எதிரே ஐந்து பேர். துப்பாக்கி பிடித்த நம் கை மட்டும் திரையில் தெரியும். மற்ற ஆட்டங்களில் அவரவர் தோட்டா அவரவரிடம் இருக்கும். இதில் ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே பெட்டி. அது காலியானால் அந்தச் சுற்று முடிகிறவரை எல்லார் கையிலும் வெறும் இரும்புதான்.

"ஜெயிக்கிறீங்களா?" என்று கேட்டாள். "எங்க? பெட்டி காலி. முன்னாடி நிக்கிறவன் அள்ளிக்கிட்டுப் போயி ஆகாசத்தப் பாத்துச் சுடுறான்" என்றேன். அவள் பிறந்த ஊர் வாய்க்கால் முடிகிற இடத்தில் இருக்கிறது. கடைமடை. மேலே தலைமடையில் இருப்பவர்கள் பாய்ச்சியது போக மிச்சம் வந்தால்தான் அங்கே நடவு. ஒரு வருடம் அந்த ஊர்க்காரர்கள் பெரிய சண்டை போட்டு முறை வைத்தார்களாம்: தண்ணீர் குறைந்தால் முதல் பாய்ச்சல் கடைமடைக்கு, பிறகு ஒவ்வொரு வயலாக மேலே ஏறி வர வேண்டும். அதைச் சொல்லி, தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பின்னாடி நிக்கிறவனுக்கு மொதல்ல விடச் சொல்லுங்க, சரியாப் போயிடும்."

சாப்பிடக் கீழே போனேன். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. ரத்தம் கட்டி நெஞ்சுக்குப் போய்விட்டது, நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார்கள். நான் படியிறங்கப் போகும்போது அவள் சொன்னது இது: "சாப்பிட்டுட்டு மெதுவா வாங்க, அடுத்த ஆட்டம் ஆரம்பிச்சுட்டா நடுவுல விட்டுட்டு ஓடியாராதீங்க, மத்த நாலு பேர் பாவம்."

ரேஷன் கடை

நாலு மாதம் அந்த ஆட்டத்தைத் திறக்கவில்லை. திறந்தபோது அவள் சொன்னதைச் செய்து பார்த்தேன். முன்னால் நிற்கிற முறை வந்தால் நான் பெட்டியைத் தொடுவதில்லை, பின்னால் நிற்பவன் தன் துப்பாக்கியை நிரப்பிய பிறகே எடுப்பேன். தெரியாத ஆட்கள்தான், ஆனாலும் இரண்டு மூன்று பேர் அதைப் பார்த்துவிட்டு அதேபோலச் செய்த நாட்களில் ஆட்டமே வேறாக இருந்தது. ஒரு தோட்டாவைச் சுடுவதற்கு முன்னால் நாலு பேரை நினைக்கவைக்கிற ஆட்டத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. கடைமடைக் கதையோடு விமர்சனம் எழுதிப் பத்துக்கு ஏழு போட்டேன்.

மற்ற எல்லாரும் அதைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். இணையதள ஆசிரியர் போன் செய்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்தாமலே பயமுறுத்துவார். சென்னையில் விக்னேஷ் என்று ஒரு வீடியோ விமர்சகர் இருந்தார். அவர் வாயைத் திறந்தால் கேட்பதற்குப் பெரிய கூட்டம் உண்டு. ஆசிரியர் சொன்னார்: "விக்னேஷ் ரெண்டு மார்க் குடுத்திருக்காரு சார், 'இது சுடுற கேமா, ரேஷன் கடையா'ன்னு கேக்குறாரு, நீங்க என்னடான்னா வாய்க்கால் வெட்டிக்கிட்டிருக்கீங்க."

விண்ணப்பம்

விமர்சனம் எழுதுகிற எல்லாருக்கும் தெரியும், அடியில் வரும் கருத்துகளைப் படிக்கக் கூடாது. எல்லாரும் படிப்போம். எனக்கு வந்தவற்றில் முக்கால்வாசி என் வயதைப் பற்றி. ஒன்று மட்டும் பாண்டியன் என்பவரிடமிருந்து. ஒரத்தநாட்டுக்குத் தெற்கே குத்தகைக்கு நிலம் வாங்கிச் சாகுபடி செய்கிறவர். த்ரீ ஃபேஸ் கரண்டு வந்ததும் மோட்டாரைப் போட்டுவிட்டு, வயல் நிரம்புகிறவரை கொட்டகையில் உட்கார்ந்து இதே ஆட்டத்தை ஆடுகிறவர்.

அவரைச் சேர்த்துக்கொண்டேன். அவர் சிங்கப்பூரில் கிரேன் ஓட்டும் தன் சித்தப்பா மகன் தனராஜைக் கொண்டுவந்தார். பிறகு தன் மாட்டுக்கு ஊசி போட வந்த கால்நடை டாக்டர் கோமதியையும் பேசிப் பேசிச் சேர்த்துவிட்டார். நாலு பேர் ஆனோம். ஐந்தாவது ஆளாக யாரையாவது ஆட்டமே அனுப்பும். அந்த ஆள் பெட்டியைக் காலி செய்துவிட்டு எங்களைத் திட்டிவிட்டுப் போவார். எல்லாம் தொடங்கியது பாண்டியன் அன்று எழுதிய அந்த ஒரு வரியில்: "அண்ணே, கடைமடைன்னு எழுதியிருந்தீங்க, நானே கடைமடைதான், சேத்துக்குவீங்களா?"

பேரிங்

ஒரு நாள் காலை ஜெயிக்கிற நிலையில் இருந்தோம். பெட்டியில் தோட்டா மிச்சம், எதிரணியில் ஒரே ஆள். பாண்டியனுடைய மைக்கில் அவருடைய மோட்டார் ஓடுகிற சத்தம் எப்போதும் கேட்கும். அன்றைக்கு அதில் ஒரு கரகரப்பு இருந்தது. முதலில் விட்டுவிட்டேன். இரண்டாவது தடவை கேட்டதும் கை திரையில் நிற்கவில்லை. "பாண்டி, பேரிங் போயிடுச்சு. ஓடிப்போயி மோட்டார நிறுத்துப்பா, காயில் எரிஞ்சுரும்" என்று கத்தினேன். அவர் ஓடினார். நான் காதை அந்தச் சத்தத்தில் வைத்துக்கொண்டு ஆட்டத்துக்குள் நடு வெட்டவெளியில் நின்றிருந்தேன். எதிரணியின் அந்த ஒற்றை ஆள் எங்களை ஒவ்வொருவராகச் சுட்டு முடித்தார்.

சாயங்காலம் பாண்டியன் வயலுக்குப் போய் மோட்டாரைக் கழற்றிப் பார்த்தேன். பேரிங் தூளாகியிருந்தது, காயில் தப்பித்திருந்தது. இன்னும் கால்மணி நேரம் ஓடியிருந்தால் காயிலும் எரிந்து, தண்ணீர் இல்லாமல் கதிர் வருகிற நேரத்தில் பயிர் காய்ந்திருக்கும். கோமதி சொன்னார்: "தோத்துப்போனதுக்கு இப்பதான் மொதத் தடவையா ஒரு நல்ல காரணம் சொல்லியிருக்கோம் சார்."

மூடும் தேதி

பிறகு ஒரு நாள் ஆட்டத்தைத் திறந்தால் முகப்பில் ஓர் அறிவிப்பு. ஆடுகிறவர்கள் குறைவு, ஆகவே நம் நாட்டுக்கான சர்வரை இன்ன தேதியோடு மூடுகிறோம், அதன் பிறகு தூரதேசத்துச் சர்வரில் ஆடிக்கொள்ளலாம் என்று. அப்படி ஆடியவர்களுக்குத் தெரியும். நாம் சுட்ட தோட்டா அங்கே போய்ச் சேர்வதற்குள் நாம் செத்து வெகு நேரமாகியிருக்கும். பேசுகிற பேச்சும் விட்டு விட்டுத்தான் கேட்கும். மூடியது மாதிரிதான்.

எனக்கு என்ன போயிற்று என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். வசந்தா போனபிறகு வீட்டில் என்னோடு பேச ஆள் இல்லை. கடைக்கு வருகிறவர்கள் மோட்டாரைப் பற்றிப் பேசுவார்கள், மோட்டார் சரியானதும் போய்விடுவார்கள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் நான் வாய்விட்டுச் சிரித்தது அந்த மூன்று பேரோடுதான். வெறுமனே போன் போட்டுப் பேசலாமே என்பீர்கள். போட்டோம். "சாப்பிட்டீங்களா", "சாப்பிட்டேன்", அத்தோடு சரி. எங்களுக்குப் பேச்சு வர ஒரு பெட்டி தேவைப்பட்டது.

மூடாமல் இருக்க ஆட்கள் சேர வேண்டும். இன்னொரு முறை விமர்சனம் எழுதட்டுமா என்று ஆசிரியரிடம் கேட்டேன், சரி என்றார். தனராஜ் யோசனை சொன்னார்: "ஏழெல்லாம் வேணாம், பத்துக்குப் பத்து போட்டு விட்ருங்கண்ணே, யாரு வந்து பேப்பர் திருத்தப் போறா?"

குறைகள் முதலில்

பத்து என்றே அடித்தேன். கடையில் ஒரு மோட்டார் வார்னிஷ் காய்ந்துகொண்டிருந்தது, அதன் எதிரே உட்கார்ந்து அந்தப் பத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். எரிந்த காயிலுக்கு மேலே புது வார்னிஷ் அடித்துக் கொடுக்கிற கடைகள் உண்டு. பார்க்கப் பளபளவென்று இருக்கும், வயலுக்குப் போய் இரண்டாம் நாள் புகையும். நான் அப்படிக் கொடுத்ததில்லை. பத்தை அழித்தேன்.

மறுபடி எழுதினேன். காலடிச் சத்தம் எந்தப் பக்கம் என்று சரியாகக் கேட்காது. இடங்கள் குறைவு, ஒரு மாதத்தில் மனப்பாடம் ஆகிவிடும். விலை குறைந்த போனில் சூடேறும். தனியாகப் போனால் கோபம்தான் வரும், நாலு பேரோடு போங்கள், பின்னால் நிற்பவருக்கு முதலில் கொடுங்கள், பிறகு சொல்லுங்கள். கடைசியில் இதையும் சேர்த்தேன்: இந்த ஆட்டம் மூடினால் நான் தனியாகிவிடுவேன், அதை மனதில் வைத்துக்கொண்டு என் பேச்சை எடைபோடுங்கள். மார்க் ஏழு. கோமதி படித்துவிட்டுச் சொன்னார்: "மாடு விக்கப் போயி மொதல்ல அதோட நோயச் சொல்ற ஆளு சார் நீங்க."

ஐந்தாவது ஆள்

தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சாயங்கால ஆட்டத்தில் ஐந்தாவது ஆளாக ஒருவர் வந்தார். "வணக்கம் சார், நான் விக்னேஷ்" என்றார். முதல் சுற்றில் அவர் முன்னால் ஓடினார், பெட்டியைக் கரைத்தார், செத்தார். பாண்டியன் மெதுவாகக் கேட்டார், "தம்பிக்கு நெலம் தலைமடையிலயா?" இவரையும் கோபப்படுத்தி அனுப்பிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். ஆனால் விக்னேஷ் சிரித்தார். "சரி, எங்க நிக்கணும், சொல்லுங்க" என்றார். பின்னால் நிறுத்தி, முதல் நிரப்பை அவருக்குக் கொடுத்தோம். அடுத்த சுற்று ஜெயித்தோம். அதற்கடுத்தது போயிற்று. கடைசிச் சுற்றில் பெட்டியில் ஒரே ஒரு நிரப்பு மிச்சம். அவர் எடுக்காமல் நின்று, "டாக்டர், உங்க முறை" என்றார். அப்படியும் தோற்றோம். ஆனால் அவர் வெளியேறவில்லை, இன்னும் இரண்டு ஆட்டம் இருந்தார்.

ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். "நீங்க பத்து போட்டிருந்தா வந்திருக்க மாட்டேன் சார், உங்களுக்கே நஷ்டம்னு சொல்லிட்டு அப்பவும் ஏழுதான் போட்டிருந்தீங்க, அதான் அந்த ஏழு என்னன்னு பாக்கணும்னு தோணுச்சு" என்றார்.

கூட்டம்

விக்னேஷ் இன்னொரு வீடியோ போட்டார். தன்னுடைய இரண்டை ஐந்தாக்கினார். ஏழாக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அதில் பாண்டியன் குரலும் பின்னணியில் மோட்டார் சத்தமும் வருகிறது. மறுநாளிலிருந்து சேலம், திருநெல்வேலி, இலங்கை என்று எங்கிருந்தெல்லாமோ தமிழ்க் குரல்கள் வந்தன. ஒருவர் மயிலாடுதுறையில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறார். வியாபாரம் இல்லாத மத்தியானத்தில் தன் மூன்று மச்சான்களோடு ஆடுகிறார். யாரென்று தெரியாத பிள்ளைகள் "முறை, முறை" என்று கத்துவதைக் கேட்டேன். தேதி வந்தது. காலையில் பயந்துகொண்டே திறந்தேன், திறந்தது. சாயங்காலமும் திறந்தது. கம்பெனிக்காரர்கள் ஏன் என்று ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் விக்னேஷ்தான் எங்கள் ஐந்தாவது ஆள்.

போன வாரம் ஆட்டத்துக்குள் போவதற்கு வரிசையில் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. பாண்டியன் பொறுமையிழந்து சொன்னார்: "அண்ணே, இப்ப என்னடான்னா ஆளுக கூடிப்போச்சு, வயலு நெறஞ்சு வழியுது, நம்ம இன்னும் உள்ளயே போகல, இதையும் ஒரு கொறையா எழுதுங்க."

ஒரு விமர்சனம் ஓர் ஆட்டத்தைக் காப்பாற்றியது என்று நான் எங்கேயும் சொல்லிக்கொள்ள மாட்டேன். முகப்பில் மூடும் தேதி இருந்த இடம் இப்போது காலியாக இருக்கிறது, அவ்வளவுதான்.