வாயால் திறந்த சிலிண்டர்

1. உத்தரவு

2009ஆம் ஆண்டு, மேற்கு லண்டனில் நான் வேலை செய்த தீயணைப்பு நிலையத்துக்கு ஓர் உத்தரவு வந்தது. மருத்துவப் பயிற்சியின்போது ஒக்சிஜன் சிலிண்டரை உண்மையாகத் திறக்கக் கூடாது. திறந்ததாக வாயால் சொன்னால் போதும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. நெருப்பை அணைப்பது மட்டும் எங்கள் வேலை அல்ல. ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை ஆளின் உயிரைப் பிடித்து வைத்திருப்பதும் நாங்கள்தான். ஆனால் புகைக்குள் மயங்கிய ஆளைத் தினமும் தூக்கி வருவதில்லை. மாதக்கணக்கில் ஒன்றுமே வராது. கை மறக்காமல் இருக்க ஒரே வழி டிரில். பொம்மையைக் கிடத்தி, நெஞ்சை அமத்தி, மாஸ்க் போட்டு, அலுக்க அலுக்கச் செய்ய வேண்டும். எங்கள் வாட்சில், அதாவது ஒரே ஷிப்டில் வேலை செய்யும் குழுவில், அந்த டிரில்லை நடத்தியவன் நான்.

உத்தரவைக் கொண்டுவந்தவர் மனேஜர் கென். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: "சிலிண்டர் நிரப்பிற செலவு கூடிப்போச்சு. 'ஒக்சிஜன் ஓன்' எண்டு சத்தமாச் சொன்னால் காணும். எப்பிடித் திறக்கிறதெண்டு எல்லாருக்கும் தெரியும்தானே."

"தெரியிறது வேறை, கை செய்யிறது வேறை," என்றேன்.

"நீ எல்லாத்தையும் பெரிசாக்கிறாய்," என்றார்.

அடுத்த டிரில்லில் நான் வால்வைத் திறந்தேன். அவர் எல்லார் முன்னாலும் வந்து குனிந்து, தன் கையாலேயே அதை மூடினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு டிரில்லிலும் வந்து பக்கத்தில் நின்றார். வாட்ச் முழுக்க வாயால் திறக்கப் பழகியது. அதில் மிக நன்றாகப் பழகியவன் டேவ். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். என் மனைவி கட்டித் தரும் மீன் ரோல்ஸை எனக்கு முன்னால் எடுத்துத் தின்றுவிடுகிற அளவுக்கு என்னோடு நெருக்கம்.

2. ரெய்னர்ஸ் லேன்

ஒரு பின்னேரம், ரெய்னர்ஸ் லேனில் கடைக்கு மேலே இருந்த வீட்டில் குசினி அடுப்பிலிருந்து தீப் பற்றிக்கொண்டது. நானும் டேவும் புகைக்குள் போய் ஒருவரைத் தூக்கி வந்து நடைபாதையில் கிடத்தினோம். கீழே இருந்த கடைக்காரர்தான் அவர். மன்னார் ஆள், ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். நினைவில்லை. மூச்சு மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.

டேவ் மாஸ்க்கைப் போட்டான். "ஒக்சிஜன் ஓன்" என்று டிரில்லில் சொல்வது போலவே தெளிவாகச் சொன்னான். நான் பக்கத்தில் பதறிக்கொண்டு நின்ற அவருடைய மனைவியிடம் திரும்பினேன்.

"வேறை ஆரும் உள்ளுக்கை நிக்கினமோ, தங்கச்சி?"

"இல்லை அண்ணை, இவர் மட்டும்தான். இவருக்கு மூச்சு இருக்கோ?"

"இருக்கு. ஆஸ்துமா, நெஞ்சுவருத்தம் ஏதும்?"

"பிரஷருக்குக் குளிசை போடுறவர்."

அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. மாஸ்க்குக்குக் கீழே தொங்கும் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். ஊதி நிற்க வேண்டிய பை சப்பையாகக் கிடந்தது. சிலிண்டரில் கை வைத்தேன். வால்வு இறுக்க மூடியிருந்தது. திருகினேன். பை உப்பியது. டேவின் முகம் வெளுத்துப்போனது. இடையில் எவ்வளவு நேரம் போனதென்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கடைக்காரர் உயிர் தப்பினார். ஆனால் நாக்குத் தடுமாறியது, பிள்ளைகளைப் பெயர் மாற்றிக் கூப்பிட்டார். புகையாலா, அந்த மூடிய வால்வாலா என்று எந்த டொக்டராலும் சொல்ல முடியவில்லை.

3. ஆஸ்பத்திரியில்

அந்தப் பெண் நிலையத்துக்கு ஆள் அனுப்பி விளக்கம் கேட்டார். அவருக்கு ஜெர்மன் நன்றாக வரும், ஆங்கிலம் கொஞ்சம்தான். தமிழில் சொல்ல ஆள் வேண்டும் என்று கென் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். காரில் வைத்தே, "பை ஊதக் கொஞ்ச நேரம் எடுக்கிறது வழமைதான் எண்டு உங்கடை பாசையிலை சொல்லிவிடு," என்றார். பொய் அவருடையது, சுமக்கப் போகிற வாய் மட்டும் என்னுடையது.

கட்டிலடியில் அந்தப் பெண் நேரே கேட்டார். "அண்ணை, நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். நீங்கள் ஏதோ திருகின பிறகுதான் பை ஊதினது. அதுக்கு முன்னம் என்ன நடந்தது?"

கென் பக்கத்தில் நின்று, ஒன்றும் விளங்காமல், மரியாதைக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மூடியிருந்தது, தங்கச்சி. நாங்கள் திறக்கேல்லை. டிரில்லிலை திறக்காமல் பழக்கினவை, கை அப்பிடியே செய்துபோட்டுது."

அவர் கணவரின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். "இதைச் சொல்ல உங்களுக்காவது மனம் வந்துதே," என்றார்.

வெளியே வந்ததும் கென் கேட்டார். "என்ன சொன்னாய்?"

"நடந்ததை."

4. விசாரணை

விசாரணையில் உத்தரவையும், கென் வால்வை மூடியதையும் சொன்னேன். அப்படி ஒன்று தனக்கு நினைவில்லை என்று கென் கையைக் கழுவினார். உத்தரவு எழுத்தில் இருக்கவில்லை. வாட்சில் மற்ற எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். டேவ் மட்டும், "நான்தான் திறக்கேல்லை," என்றான். அவர்களுக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு வசனம்தான். அவனைத் தீயணைப்பு வண்டி வேலையிலிருந்து எடுத்து, ஸ்டோரில் சாமான் கணக்குப் பார்க்க அனுப்பினார்கள். கென் பதவி உயர்ந்து தலைமை அலுவலகம் போனார். உத்தரவு சத்தமில்லாமல் மறைந்தது.

டேவ் லொக்கரைக் காலி செய்த அன்று நான் பக்கத்தில் போய் நின்றேன். "நீ அந்த மனிசிக்குச் சொன்னது சரி," என்றான். "ஆனா அந்த உண்மை விழுந்தது என்ரை தலையிலை மட்டும்தான்." அதன் பிறகு அவன் என்னோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு என் டிரில்லில் ஒரு பழக்கம் வைத்தேன். சிலிண்டரைத் திறந்து, மாஸ்க்கை முதலில் தன் கன்னத்தில் பிடித்துக் காற்று வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகுதான் பொம்மை. அந்தக் காற்று கன்னத்தில் குளிராகப் படும். ஒரு தடவை பட்டால் கை அதைத் தேடத் தொடங்கிவிடும்.

நான் ஓய்வு பெற்ற அன்று கென் பேச வந்தார். "இந்தக் கன்னப் பழக்கம் என் காலத்தில் நம் நிலையத்தில் தொடங்கியது," என்று பெருமையாகச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். டேவுக்கும் அழைப்பு அனுப்பியிருந்தேன். அவன் வரவில்லை.

டிரில்லில் நீங்கள் செய்யாமல் விடுவதையும் கை படித்துக்கொள்கிறது. வாயால் சொன்னால் போதும் என்று எந்த மேலதிகாரியாவது சொன்னால், அவர் முன்னாலேயே திறவுங்கள். அவர் மூடினால் மறுபடி திறவுங்கள். ஏச்சு விழும், விழட்டும். பிறகு விசாரணை என்று வந்தால் அவர் உங்கள் பக்கத்தில் நிற்கமாட்டார்.