ராஜாவை விழுங்கிய டவாலி

ஆல்டர்கோவ் துறைமுகத்தில் செபுலோன் பிராட்டின் குரல் விழாத காது கிடையாது. மாசசூசெட்ஸ் கரையில் அந்த ஊர் என்னவோ கைப்பிடி அளவுதான். மனிதரின் தொண்டையோ வளைகுடாவுக்கு அந்தப்பக்கம் காட் மீன் பிடிக்கிறவனையும் திரும்பிப் பார்க்க வைக்கும். அந்தத் தொண்டைதான் அவர் பிழைப்பு. கோர்ட்டு டவாலி. நீதிபதிகள் வந்து அமர்ந்ததும் சபையை அடக்கி, கோர்ட்டு கூடியதை அறிவித்து, கடைசியில் "கடவுளே, ராஜாவைக் காப்பாற்றும்!" என்று கூவி முடிக்க வேண்டும்.

கூவிக் கூவி அந்தக் கடைசி வரி அவர் நாக்கில் குடியேறிவிட்டது. சாப்பாட்டு ஜெபம் முடிந்தாலும் அதுதான். தும்மினாலும் அதுதான். கொல்லையில் பன்றிகளைத் தீனிக்கு அழைக்கவும் அதையேதான் கூவுவார். பன்றிகளும் அதற்குத்தான் வரும். சொல்லப்போனால் ராஜாவுக்கு இவ்வளவு விசுவாசமான பிரஜைகள் அந்தக் கரையில் வேறு யாருமில்லை.

பிறகு எல்லாம் தலைகீழானது. கடலுக்கு அப்பால் இங்கிலாந்தில் உட்கார்ந்துகொண்டு வரி போடுவதும் பட்டாளத்தை ஏவுவதும் போதும் சாமி என்று பதின்மூன்று அமெரிக்கக் குடியேற்றங்களும் ராஜாவைக் கைகழுவின. இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்த கோர்ட்டு, இனி ஜனங்களின் பேரால் திறக்கப்போகிறது. கடைசி வரியும் மாறிவிட்டது: "கடவுளே, ஜனங்களைக் காப்பாற்றும்!"

செபுலோனுக்கு அதில் கொள்ளைச் சந்தோஷம். ராஜா வரி போட்ட தேநீரை விட்டொழித்து, ராஸ்பெரி இலைக் கஷாயத்தை முகம் சுளித்துக் குடித்தவர் அவர். மருமகன் விடுதலைப் படையில் இருந்தான். ஆனால் சந்தோஷம் நெஞ்சில் இருந்து என்ன செய்ய? பாழும் நாக்கு கேட்க வேண்டாமா?

ஊர்க் கமிட்டித் தலைவர் டீக்கன் ஒபதியா ஸ்னோ வீடு தேடியே வந்துவிட்டார். சர்ச் நிர்வாகி; சிரித்து யாரும் பார்த்திராத மனிதர்.

"செபுலோன், உன் மனசுல எங்களுக்குச் சந்தேகம் இல்ல. நாக்குலதான் சந்தேகம். போன ஞாயித்துக்கிழமை ஆராதனையில தும்மிட்டு என்ன சொன்ன?"

"அது தும்மல், டீக்கன் ஐயா."

"தும்மலோ விக்கலோ! புதுக் கோர்ட்டுல மொத நாளே 'ராஜாவைக் காப்பாத்தும்'னு கூவினா, ராஜாவோட ஆளுன்னு ஊரே உன்மேல பாயும். அப்புறம் நானே நெனச்சாலும் உன்னைக் காப்பாத்த முடியாது. வேலை வேற ஆளுக்குப் போயிடும். நீ உப்புக் கொட்டகையில மீன் புரட்டிக்கிட்டுக் கிடக்கணும், பாத்துக்கோ."

அன்றே செபுலோனின் மனைவி கெசையா மர அகப்பையைக் கையில் எடுத்தாள்.

"எங்க, சொல்லுங்க."

"கடவுளே, ரா..."

டொக்!

"மண்டையில அடிக்காதடி! புது வரி அங்கதான் இருக்கு."

"அங்கயே இருந்து என்ன பண்ணுது? வாய்க்கு வரச் சொல்லுங்க!"

சோளக் கூழ் கிண்டும்போது ஒரு பாடம், விறகு பிளக்கும்போது ஒரு பாடம். அகப்பை ஒன்று உடைந்தது; நாக்கு மசியவில்லை. கொல்லையில் "ஜனங்களை" என்று கூவிப் பார்த்தார். ஒரு பன்றியாவது அசைய வேண்டுமே!

"பாருங்க, ராஜாவோட கட்சிக்காரங்களை! பனி விழட்டும், எல்லாரையும் வெட்டி உப்புல போட்டுடறேன்" என்றாள் கெசையா.

கோர்ட்டு திறக்கும் நாள் வந்தது. மேப்பிள் மரமெல்லாம் சிவந்து நிற்க, ஊரே உள்ளே நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. செபுலோன் எழுந்து நின்றார். "கேளுங்கள்! கேளுங்கள்! கேளுங்கள்!" ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஜனங்களின் பேரால் கோர்ட்டு கூடுகிறது என்றார், பிசகில்லாமல். மாடத்தில் கெசையா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"கடவுளே, ராஜா..."

போச்சு! சபை அப்படியே உறைந்தது. டீக்கன் ஸ்னோ பாதி எழுந்துவிட்டார். கையில் அகப்பை இல்லாமலேயே கெசையாவின் கை மேலே போயிற்று. செபுலோனின் பல்லுக்குப் பின்னால் 'வை' வந்து முட்டிக்கொண்டு நின்றது. அதை வெளியே விட்டால் உப்புக் கொட்டகை. விடாமல் நின்றாலும் அதே கொட்டகைதான். மருமகன் முகத்தில் எப்படி விழிப்பது? அந்த 'வை'யை அப்படியே விழுங்கினார். நெஞ்சு நிறைய மூச்சிழுத்தார்.

"...விடமிருந்து ஜனங்களைக் காப்பாற்றும்!"

பின்வரிசை மீனவன் ஒருவன் "ஆமென்!" என்று அலறினான். அவ்வளவுதான், தொப்பிகள் பறந்தன, பெஞ்சுகள் அதிர்ந்தன, நீதிபதி சிரித்த சிரிப்பில் பொய்முடி காதுக்கு இறங்கிவிட்டது. டீக்கன் ஸ்னோவுக்கும் பல் உண்டு என்று ஊர் அன்றுதான் கண்டுகொண்டது.

"அடப்பாவி! இதை நாங்க எழுதிக் குடுக்கவே இல்லையேடா!"

"தானா வந்துடுச்சு, ஐயா."

வேலை நிலைத்தது. அதற்கப்புறம் அந்த வரியைத் தவறாகவே சொல்லச் சொல்லி ஊர் அடம்பிடித்தது. செபுலோனும் ஆசை ஆசையாகச் சொன்னார். சண்டை முடிந்து ராஜாவின் பட்டாளம் கப்பலேறிய பிறகுதான் "ஜனங்களை" மட்டும் மிஞ்சியது. அதற்குள் புதிதாகப் பிறந்த பன்றிக்குட்டிகள் அந்த வார்த்தைக்கே ஓடி வரப் பழகியிருந்தன.

சில வருஷம் கழித்து, குடியேற்றங்கள் ஒன்றாகச் சேர்ந்து அரசியல் சட்டம் எழுதி, முதல் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்த சேதி ஊருக்கு வந்தது. ஊரெல்லாம் மணியடித்தது. டீக்கன் ஸ்னோ கைத்தடியை ஊன்றிக்கொண்டு செபுலோன் வீட்டுக்கு வந்தார்.

"செபுலோன், இனிமே 'ஜனாதிபதியைக் காப்பாத்தும்'னு சேத்துக்கலாமா?"

செபுலோன் வாயைத் திறப்பதற்குள் கெசையா அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள்.

"வேணவே வேணாம், ஐயா! ஒரு ராஜாவை இவர் வாயிலேர்ந்து எடுக்கவே ஒரு அகப்பை போச்சு. இவங்க நாலு வருஷத்துக்கு ஒருத்தராமே! அத்தனை அகப்பைக்கு நான் எங்க போவேன்? ஜனங்க எங்கயும் போகமாட்டாங்க. அவங்களே இருக்கட்டும்."