கடைசி வரியை அடிக்கச் சொன்னவர்

தூத்துக்குடியில் ஓர் அரசு அலுவலகத்தில் எங்கள் ஆய்வறிக்கைகளை வாங்கிக் கோப்பில் சேர்ப்பவர் அவர். ஒல்லியான உடம்பு, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. எந்த அறிக்கையையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார்.

கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறுவதை மூன்று ஆண்டுகள் அளந்து, புதிய ஆழ்துளைக் கிணறுகளுக்குத் தடை வேண்டும் என்று நான் எழுதிய அறிக்கையையும் அப்படித்தான் புரட்டினார்.

“‘மேலும் ஆய்வு தேவை’ன்னு முடிச்சிருக்கியளே சார். இத அடிச்சிருங்க. மேல உள்ளவங்க இந்த வரியத்தான் தேடுவாவ.”

“உண்மை அதுதான? ஆய்வுன்னா அப்படித்தான் முடிப்போம்.”

“எங்க ஊர்க் கிணறு அதுவரைக்கும் தாங்காது சார். இப்பவே சோறு கரிக்கு.”

நான் அடிக்கவில்லை. எட்டு மாதம் கழித்துக் கோப்பு திரும்பி வந்தது. மேலும் ஆய்வு முடிந்தபின் பரிசீலிக்கலாம் என்று அதில் குறித்திருந்தார்கள். அதைப் பெற்றுக்கொண்டதற்கு நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை அவர் விரலால் காட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அடுத்த ஆய்வு எப்ப சார் ஆரம்பிப்பிய? எங்க கிணத்துலயே ஆரம்பிங்க. கிட்டதான் இருக்கு.”

அந்தக் கேள்வியை அன்றைய நாட்குறிப்பில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். அவர் கேலி செய்தாரா, கெஞ்சினாரா என்பது மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.