காயலில் விழுந்த பந்து

மட்டாஞ்சேரியில் காயலோரம் நாங்கள் வாலிபால் ஆடும் இடத்துக்குக் காக்கநாட்டிலிருந்து ஒருவர் வந்தார். வெள்ளை ஷூ, எந்நேரமும் பல்லிடுக்கில் விசில். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு ஆள் எடுக்க எங்களைத் தரம் பிரித்தார்.

“சேட்டா, நீங்க பிகினர். வெளிய உக்காருங்க. ஓங்கி அடிக்கவே தெரியலையே?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிளகு மூட்டை தூக்கிய காலத்திலிருந்து ஆடுகிறவன் நான்.

“ஓங்கி அடிச்சா காயல்ல போகும்டா! இருக்கறது ஒரே பந்து.”

“சும்மா சாக்கு சொல்லாதீங்க.”

ஓங்கி அடித்தேன். பந்து காயலில் போய் விழுந்தது. எல்லோரும் என்னைத்தான் திட்டினார்கள். அவர் மட்டும் ஷூவைக் கழற்றி, வாயில் விசிலோடு நீந்திப் போய் எடுத்து வந்தார்.

“நல்ல அடி. ஆனா கோட்டுக்கு வெளிய. பிகினர்தான் சேட்டா.”

இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது. ஆனால், அந்தப் பந்துக்காக வேறு யார் இறங்கினார்கள்?