ஜெயனியின் தமிழ்ப் பக்கம்

மானிப்பாய் ஜெயனிக்குத் தமிழ் விஷயத்தில் கொஞ்சம் திமிர் உண்டு. சும்மா சொல்லக்கூடாது, வேலையும் அப்படித்தான். கொழும்பு நிறுவனமொன்று மீனவருக்காக மும்மொழியில் கடல் வானிலை இணையத்தளம் நடத்துகிறது. அதன் தமிழ்ப் பக்கம் இவள் பொறுப்பு, வீட்டிலிருந்தே பார்க்கிறாள். செய்தி முதலில் ஆங்கிலத்தில் ஏறும். மென்பொருள் அதைத் தானாகவே மற்ற இரண்டு மொழிக்கும் மாற்றிப் போடும். அது போடுகிற தமிழ் இருக்கிறதே, ஐயோ! "மீன்பிடி நபர்கள் பலத்த காற்றை அனுபவிப்பார்கள்" என்று எழுதும். "அனுபவிக்கிறதாம்! நீ வந்து அனுபவியன்!" என்று லப்டொப்பைத் திட்டிக்கொண்டே ஜெயனி திருத்துவாள். அவள் திருத்தியதை ஒருதரம் வாசித்தால் போதும், கடல் எப்படியென்று விளங்கிவிடும்.

வல்வெட்டித்துறையில் படகு வைத்திருக்கும் அவளுடைய தம்பி நிருஷனுக்கு இதில் தலைகால் தெரியாத பெருமை. "வானொலியை விடுங்கோ, எங்கடை அக்காவின்ரை பக்கத்தைப் பாருங்கோ" என்று கரையெல்லாம் சொல்லித் திரிவான். ஆட்களும் அதைப் பார்த்துத்தான் தொழிலுக்குப் போனார்கள்.

கார்த்திகை மாதத்து ஒரு பின்னேரம். சமையலை முடித்துவிட்டு வந்து ஜெயனி திரையைப் பார்த்தாள். ஆங்கிலப் பக்கம் சிவந்து கிடந்தது: வாடைக்காற்று மூர்க்கமாக வருகிறது, ஒருவரும் கடலுக்குப் போகக்கூடாது. சிங்களப் பக்கமும் சிவப்பு. தமிழ்ப் பக்கத்தில் மட்டும் காலையில் அவள் எழுதியது அப்படியே இருந்தது: "கடல் அமைதியாக உள்ளது. தொழிலுக்குச் செல்லலாம்."

படகுகள் இறங்குகிற நேரம் அதுதான். நிருஷனுக்குப் போன் அடித்தாள், எடுக்கவில்லை. அவன் மனைவி தர்சிகாவுக்கு அடித்தாள்.

"அவர் அப்பவே வெளிக்கிட்டிட்டார் மச்சாள். வானம் கறுக்குது எண்டு சொன்னனான். அக்கா போகலாமெண்டு போட்டிருக்கிறா, நீ பேசாமலிரு எண்டிட்டுப் போட்டார்."

ஜெயனி பக்கத்தைப் புதுப்பித்தாள். தளத்தில் தேங்கியிருந்த பழைய நகல்களை அழித்தாள். மென்பொருளை மறுபடி ஓடவிட்டாள். தமிழ் அசைந்து கொடுக்கவில்லை. கொழும்பிலிருக்கும் மேலதிகாரி சோமசேகரத்தைப் போனில் பிடித்தாள்.

"பக்கத்தைப் பூட்டி வைச்சிருக்கிறீரோ பிள்ளை? பூட்டினால் மென்பொருள் அதைத் தொடாதே."

பூட்டு! தான் எழுதிய நல்ல தமிழை மென்பொருள் பழுதாக்கிவிடும் என்று காலையில் அவளேதான் பூட்டினாள். திறக்க மறந்துபோனாள். "என்ரை கையை முறிக்கோணும்" என்று தன்னையே திட்டிக்கொண்டு திறந்தாள். உடனே பக்கம் சிவந்தது. "மீன்பிடி நபர்கள் பலத்த காற்றை அனுபவிப்பார்கள். கடலைத் தவிர்த்தல் அறிவுறுத்தப்பட்டது." திருத்தச் சொல்லிக் கை துடித்தது. பிறகு பார்ப்போம் என்று விட்டாள். பக்கம் மாறினால் மீனவர்களின் போன்களுக்கு அறிவிப்புப் போகும். கரையிலிருந்து கொஞ்சத் தூரத்துக்குச் சிக்னலும் இருக்கும்.

போன் அடித்தது. நிருஷன்! என்ஜின் சத்தம் காதைக் கிழித்தது.

"அக்கா, உன்ரை பக்கத்திலை ஆரோ கைவைச்சிட்டாங்கள்! விசர்த் தமிழொண்டு வந்திருக்கு. உது எங்கடை அக்கா எழுதினதில்லை, ஒருத்தரும் திரும்பாதேங்கோ எண்டு சீவரத்தினம் அண்ணைக்கும் மற்றப் படகுகளுக்கும் சொல்லிப்போட்டன். நீ யோசியாதை..."

"அது பொய்யில்லையடா, திரும்பு!" என்று அவள் கத்தியபோது தொடர்பு அறுந்திருந்தது. மறுபடி அடித்தாள், போகவில்லை. பேச்சுப் போகாத இடத்துக்கும் எழுத்து அறிவிப்பு சிலவேளை போய்ச் சேரும்.

பிழையான செய்தியை நம்பிப் போனவர்கள், சரியான செய்தியை நம்பாமல் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் அவளுடைய தமிழ்தான் காரணம். இலக்கணம், மரியாதை, நிறுவனத்தின் விதி ஒன்றும் அவளுக்கு நினைவில்லை. பக்கத்தின் தலைப்பில் அடித்தாள்:

"டேய் நிருஷன், மடையா! உது பொய்யில்லை. காலமை போட்டதுதான் பிழை. என்ரை பிழை. படகைத் திருப்பு. மற்றவையையும் கூட்டிக்கொண்டு வா. அக்கா."

சோமசேகரம் பாய்ந்து விழுந்து அழைத்தார். "என்ன பிள்ளை இது? முகப்பிலை மடையன் எண்டு கிடக்கு! உடனை எடும்."

"ஆக்கள் கரையேறட்டும் ஐயா, எடுக்கிறன். வேணுமெண்டால் பிறகு என்னையும் வேலையாலை எடுங்கோ."

அதற்குள் மானிப்பாய்க்கே காற்று வந்துவிட்டது. முற்றத்து முருங்கையில் ஒரு கொப்பு முறிந்து விழுந்தது. ஜெயனி போனைக் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளையாரைக் கூப்பிட்டபடி இருந்தாள். இருட்டுப்பட நிருஷன் அழைத்தான்.

"அக்கா, கரைக்கு வந்திட்டன். மடையா எண்டதைக் கண்டவுடனை நீதானெண்டு தெரிஞ்சுது."

அவள் ஓவென்று அழுதாள். அழுது முடித்துத்தான் கேட்டாள். "எல்லாரும் வந்திட்டினமோ?"



"சீவரத்தினம் அண்ணை வரேல்லை. நான் பொய்யெண்டு சொன்னதை நம்பி, அவர் எல்லாருக்கும் முன்னாலை படகை விட்டிட்டார்."

ஜெயனி லப்டொப்பைத் திரும்பத் திறந்தாள். தம்பியின் பெயரையும் அந்த வசவையும் அழித்தாள். அந்த இடத்தில் எழுதினாள்: "சீவரத்தினம் அண்ணை, நான் ஜெயனி எழுதிறன். என்னை நம்பித் திரும்பி வாங்கோ."