வலது கன்னத்தில் ஒரு மச்சம்

உங்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'அங்க அடையாளம்' என்று ஒரு வரி இருக்குமே... அந்த மச்சம் நிஜமாகவே உங்கள் உடம்பில் இருக்கிறதா? எனக்கு இடது முழங்காலில் ஒன்று இருப்பதாக எழுதியிருக்கிறது. நாற்பது வருஷமாகத் தேடுகிறேன்!

போன திங்கள்கிழமை மஞ்சுளாவோடு கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசுக்குப் போயிருந்தேன். ஓசூரில் எங்களுக்கு எதிர்வீடு. அவளுக்கு ஒரு கம்பெனியில் அசெம்ப்ளி லைன் வேலை. கணவன் முனிராஜ் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவன். எட்டு மாதமாக போன் இல்லை. நாங்கள் இந்தத் தெருவுக்கு வந்ததே அவன் போன பிறகுதான். நான் பார்த்தது போட்டோவை மட்டும்.

இப்படிக் காணாமல் போனவர்களின் விவரத்தை வாங்கி, தூதரகம் வழியாக அந்த நாட்டுக்கு அனுப்பி அரசாங்கமே தேடச் சொல்கிறது. அங்கே ஆஸ்பத்திரி, ஜெயில், மார்ச்சுவரி எல்லாவற்றிலும் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். நல்ல காரியம். அதற்கு ஒரு படிவம்.

பெயர், பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் மளமளவென்று எழுதினேன். அங்க அடையாளத்துக்கு மஞ்சுளா முனிராஜின் பத்தாம் வகுப்புச் சான்றிதழை நீட்டினாள். 'வலது கன்னத்தில் ஒரு மச்சம்.' போட்டோவில் கன்னம் சுத்தமாக இருந்தது.

"மச்சம் எங்கம்மா?"

"அது வாத்தியாரு அவசரத்துல எழுதினதுண்ணா. அப்படியே போட்ருங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இல்லாத மச்சத்த வெச்சு அங்க யாரைத் தேடுவாங்க? வேற அடையாளமே கெடையாதா?"

தலையைக் குனிந்துகொண்டாள். "இடது கை சுண்டு விரலு பாதிதாண்ணா இருக்கும். இங்க தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்புல மிஷின்ல மாட்டிக்கிச்சு. தெரிஞ்சா வேலைக்கு எடுக்க மாட்டாங்க, எங்கயும் சொல்லாதீங்கன்னு அனுப்பின ஏஜென்ட்டு சொன்னாரு. இப்ப எழுதினா எங்க வீட்டுக்காரரு வேலை போயிடுமேண்ணா..."

ஆளையே காணோம் - இவள் அவன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள்! சிரிப்பதா, அழுவதா? ஆனால் அந்தப் பயத்துக்குள் அவன் உயிரோடு இருக்கிறான் என்ற நம்பிக்கையும் இருந்தது. அதைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை. பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அதுவரை நிமிர்ந்தே பார்க்காத கிளார்க் அம்மா அவளைப் பார்த்தார்.

"வேலைய விட்டு அனுப்பினா அனுப்பட்டும்மா. வீட்டுக்குத்தானே அனுப்புவாங்க?"

மஞ்சுளா என் கையிலிருந்த பேனாவை வாங்கி, அந்தச் சுண்டு விரல் வரியை மட்டும் தானே எழுதினாள்.