அக்காவின் சோளக் குழி

அக்காவின் இந்த நினைவு மலரில் எனக்குப் பக்கம் ஒதுக்கும்போதே அவர் மகன் முருகானந்தம் ஒரு நிபந்தனை போட்டுவிட்டான். "மாமா, அம்மாவப் பத்தி எழுதுங்க. ஒங்களப் பத்தி எழுதிராதீங்க." நியாயமான பேச்சுதான். ஆனால் அக்கா செய்த காரியங்களில் பாதிக்கு நான் இடைஞ்சலாக இருந்திருக்கிறேன். மீதியை எட்ட நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். ஆகவே நடுநடுவே நானும் தட்டுப்படுவேன். உற்றார் உறவினர் பொறுத்தருள வேண்டும்.

அக்கா பிறந்தது திருவரங்குளம் பக்கம். வீட்டுக்கு மூத்தவர் அவர், கடைக்குட்டி நான். அம்மா வயலுக்குப் போனதும் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டே பள்ளிக்கூட வாசல் வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவாராம். அந்த வயதிலேயே நான் நல்ல கனம். அக்காவின் படிப்பு அதிகம் நகராததற்கு நானும் ஒரு காரணம் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவ்வளவு பெருந்தன்மையான குடும்பம்.

அரிமளம் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டார். அத்தான் பல வருடம் வெளிநாட்டில் உழைத்து, திரும்பி வந்து, போர்வெல் போட்டு, கொஞ்சம் நிலத்தைத் திருத்தினார். அதில் உட்கார்ந்து சாப்பிட அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. முருகானந்தம் காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோதே மாரடைப்பில் போய்விட்டார். அக்கா அழுது முடித்ததும் ஒரு கலப்பின மாடு வாங்கினார். பிறகு இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. அந்தப் பாலில்தான் முருகானந்தம் படித்து முடித்தான். அந்தப் பாலில்தான் பாஸ்போர்ட் எடுத்து வெளிநாடு போனான். அவனுக்கு அறந்தாங்கிப் பக்கம் பெண் எடுத்தோம். மனைவி மீனாள் அக்காவோடுதான் இருந்தாள்.

மகன் சம்பாதிக்கத் தொடங்கியதும் வழக்கமான பேச்சு வந்தது. "மாட்ட வித்துட்டு அக்கடான்னு இரும்மா" என்பான் போனில். "மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று போனை வைத்துவிடுவார் அக்கா. ஒருநாள் என்னிடம் சொன்னார்: "தம்பி, காலையில சொசைட்டிக்குப் பால் கேன தூக்கிட்டுப் போறப்ப நான் ஒருத்தி. மாடு இல்லாட்டி நான் முருகானந்தத்தோட ஆத்தா மட்டுந்தான்." அதற்கு நான் ஏதோ வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் விஷயத்தின் கனம் எனக்குப் புரிந்தது.

மாடுகளைக் காப்பாற்றுவதில் ஒரே சிக்கல் கோடை. பங்குனி பிறந்தால் எங்கள் பக்கம் பச்சை என்று கண்ணில் காட்ட ஒன்றும் இருக்காது. கால்நடைப் பயிற்சியில் ஒரு டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி, மழைத் தண்ணீரில் விளைந்த மக்காச்சோளத்தைப் பால் பிடித்த பருவத்தில் அறுத்து, பொடியாக நறுக்கி, குழியில் போட்டு மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாய் போட்டு மூடினார் அக்கா. ஒன்றரை மாதம் போனால் அது புளித்துப் பதமாகி, கோடை முழுக்கப் பசுந்தீவனமாக நிற்கும். சைலேஜ் என்பார்கள், ஊறுகாய்ப் புல் என்பார்கள். மிதிப்பதற்கு டிராக்டர் உள்ளே வர வழியில்லாததால் என்னை இறக்கினார்கள். என் உடம்பால் குடும்பத்துக்கு ஒரு பிரயோசனம் ஏற்பட்டது அன்றுதான்.

அந்த முதல் குழி கெட்டுப்போனது. மேலே கறுத்து, பூசணம் பூத்து, உள்ளே கைவைத்தால் சுட்டது. மாடுகள் முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன. டாக்டரம்மா வந்து பார்த்தார்.

"நடுவுல இத யாரு பிரிச்சது?"

"யாரும் பிரிக்கலையே டாக்டரம்மா" என்றார் அக்கா. "வந்தவுங்க பாத்தாங்க, அம்புட்டுதான்."

"எத்தன பேரு வந்தாங்க?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் தென்னை மரத்தைப் பார்த்தேன்.

அக்காவைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. அந்த வீட்டுக்கு வந்தவர் கேட்டது எதுவானாலும் இல்லை என்ற சொல் அவர் வாயில் வராது. புதுசாகக் குழி போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஊரே வந்தது. வந்தவர்களுக்குக் காபி கொடுத்தார், முறுக்கு கொடுத்தார், தார்ப்பாயின் ஓரத்தையும் தூக்கிக் காட்டினார். அறந்தாங்கிச் சம்பந்தி வந்தபோது கேட்கவே வேண்டாம். நடுக்குழி வரை கையை விட்டு ஒரு பிடி எடுத்து முகர்ந்து, "பேஷ்" என்றார். திறக்கத் திறக்கக் காற்று உள்ளே போய், எல்லாம் பாழ். குழியை வாரி எருக்குழியில் கொட்டினோம். அந்தக் கோடையில் வைக்கோல் வாங்கி மாளாமல் ஒரு செவலை மாடு கைமாறிப்போனது. மற்றவற்றையும் கொடுத்துவிடச் சொல்லி முருகானந்தம் ஒற்றைக்காலில் நின்றான். "இன்னும் ஒரே ஒரு வெள்ளாம டயம் குடுப்பா" என்று அக்கா கேட்டுக்கொண்டார்.

மறு வருடம் டாக்டரம்மா இரண்டு பாக்கெட் கொடுத்தார். ஒன்றில் கிருமி, ஒன்றில் நொதி.

"கிருமியக் காசு குடுத்து வாங்கியா போடுறீங்க?" என்று நான் கேட்டேன்.

"ஒங்க வீட்டுத் தயிர்ல இருக்குற சாதிதாங்க" என்றார் டாக்டரம்மா. "இது சோளத்துல இருக்க சக்கரையத் தின்னுட்டுப் புளிப்பு விடும். புளிப்பு சட்டுன்னு ஏறிட்டா கெட்ட கிருமி அண்டாது. இன்னொரு பாக்கெட்டு தண்டோட நார இளக்கிச் சக்கரையா ஆக்கிக் குடுக்கும். அதுக்கு இது சமையக்காரன்னு வச்சுக்கங்க. ஆனா ஒண்ணு, பிளீச்சிங் போட்ட டேங்க் தண்ணியில கரைச்சிராதீங்க, செத்துரும். கிணத்துத் தண்ணி எடுங்க. அப்பறம், உள்ள காத்து போச்சுன்னா எந்தப் பாக்கெட்டும் காப்பாத்தாது."

அக்கா பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒறமோரு ஊத்திட்டு ஒறஞ்சிருச்சா ஒறஞ்சிருச்சான்னு கைய விட்டுப் பாக்குறவளுக்குத் தயிர் கெடைக்காது. அதானே?"

"அதேதான்."

கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் போட்டுக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்தோம். அக்கா தெளிக்க, மீனாள் பரப்ப, நான் மிதிக்க. "இங்கிட்டு ஓரத்துல மிதிடா, நடுவுலயே ஆடிக்கிட்டு நிக்கிறே" என்று எனக்கு மட்டும் தனிக் கவனிப்பு. மூடி, சேறு பூசி, மணல் மூட்டை அடுக்கியதும் அக்கா சொன்னார்: "இனிமே இது தெறக்குற அன்னிக்குத்தான். சாமியே வந்து கேட்டாலும் காட்டமாட்டேன்."

சாமி வரவில்லை. சம்பந்தி வந்தார். தனியாக வரவில்லை, கிருமி போட்ட குழியைக் காட்டுகிறேன் என்று தம் ஊர்ப் பெரிய மனிதர்கள் இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். காபி குடித்ததும் எழுந்து, "வாங்க, குழியப் பாத்துருவோம்" என்றார்.

அக்கா அசையவில்லை. சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். "சம்பந்தி, இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க. ஆட்டுக்கறி எடுக்கச் சொல்லியிருக்கேன். குழிய மட்டும் இப்பக் கேக்காதீங்க."

"ஒரு ஓரத்தத் தூக்கிப் பாத்தா கொறஞ்சா போயிரும்?"

"போன வருசம் கொறஞ்சு போச்சுங்க."

"அப்ப நான் பாத்துத்தான் கெட்டுச்சுங்குறீங்க."

"நான் காட்டித்தான் கெட்டுச்சுங்க."

நான் இடையில் புகுந்து நிலைமையைச் சீராக்கும் எண்ணத்தில், "உள்ள ஒண்ணும் இல்ல சம்பந்தி, சும்மா சோளந்தான்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு வியர்த்துவிட்டது. சாப்பிடாமலே காரில் ஏறினார்கள். மீனாள் அடுப்படியில் நின்று அழுதாள். அவளுக்கு அப்பாவும் வேண்டும், மாமியாரும் வேண்டும். சற்று நேரத்தில் முருகானந்தத்தின் போன். "மாட்டுத் தீனிக்காக என் மாமனாரச் சாப்பிடாம அனுப்பிட்டியாம்மா?" அக்கா, "ஆமாப்பா" என்று மட்டும் சொன்னார். வைத்த பிறகு வெகு நேரம் தொழுவத்தில் நின்றார். அதற்குப் பிறகு சம்பந்தி வீட்டிலிருந்து வரவும் இல்லை, போனும் இல்லை. குழி கெட்டால் மாடும் போய், உறவும் போன கதையாகிவிடும். அத்தனையும் அந்தத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது.

சித்திரையில் திறந்தோம். அக்கா முகப்பில் மட்டும் ஓர் ஓரம் விலக்கினார். பழுத்த பழம் போல ஒரு புளித்த வாசனை. சோளம் பச்சை மங்கி, பொன் நிறத்தில் உதிர் உதிராக இருந்தது. ஒரு கூடை அள்ளித் தொழுவத்தில் போட்டதும் மாடுகள் தலையை எடுக்கவில்லை. அக்காவும் அவற்றை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அடுத்து அவர் செய்ததை எங்கள் வட்டாரத்தில் அதற்கு முன் ஒருவரும் செய்திருக்க மாட்டார்கள். பித்தளைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம் வைத்தார். பக்கத்தில் இன்னொரு தாம்பாளத்தில் அந்தச் சோளத்தைக் குவித்தார். மூட்டையாக இன்னும் கொஞ்சம் கட்டி வண்டியில் ஏற்றினார். சம்பந்தி வீட்டுக்கு வரிசை. தாம்பாளத்தைச் சுமக்க நான்.

வாசலில் சம்பந்தி பார்த்தார். "என்னது இது?"

"அன்னிக்குக் காட்ட முடியாம போச்சு. கொண்டாந்துருக்கேன், பாருங்க" என்றார் அக்கா.

சம்பந்தி முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். உள்ளே திரும்பி, "ஏத்தா, எலையப் போடு. சம்பந்தி வந்துருக்காங்க" என்றார். அடுத்த தை மாதம் அவர் வீட்டிலும் ஒரு குழி மூடப்பட்டது. அதை அவர் யாருக்கும் காட்டவில்லை என்று கேள்வி.

அதன் பிறகு அக்கா பல கோடைகளைக் கடந்தார். ஒரு மாடும் தீனி இல்லாமல் கைமாறவில்லை. கடைசியில் சிறுநீரகம் பழுதாகி, புதுக்கோட்டையில் படுத்திருந்தபோதும், போனவர்களிடம் தன் உடம்பைப் பற்றிப் பேசமாட்டார். "மூட்டை ஏதும் சரிஞ்சிருக்கா பாரு" என்பார். அந்த வருடத்துக் குழியைத் திறக்க அவர் இருக்கவில்லை.

அன்று காலை வீடு முழுக்கக் கூட்டம். முருகானந்தம் விமானத்தில் வந்துகொண்டிருந்தான். சம்பந்தி வீட்டார் கோடித் துணியோடு வந்தார்கள். சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் சோறும் ஆக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். கோடி போட்டு முடிந்ததும் சம்பந்தியைக் காணவில்லை. தேடிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனேன். சரிகை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழி முகப்பில் குனிந்திருந்தார். தேவையான அகலத்துக்கு மட்டும் தார்ப்பாயை விலக்கி, கூடை நிறைய வெட்டி எடுத்துவிட்டு, மறுபடி மூடி, மூட்டையை இழுத்து வைத்தார்.

"நீங்க போயி இதச் செய்யணுமா சம்பந்தி?"

"மாடு விடிஞ்சதுலேருந்து கத்துது. எல்லாருக்கும் சோறு வந்துருச்சு. இதுகளுக்கு யாரு கொண்டாந்தது?" என்று கூடையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். நான் முன்னால் ஓடித் தொழுவத்துப் படலைத் திறந்துவிட்டேன்.

அக்காவைத் தாங்கிப் பார்த்துக்கொண்ட மீனாளுக்கும், ஆஸ்பத்திரிக்கு முறைவைத்து வந்த சொந்தங்களுக்கும், கூப்பிட்ட குரலுக்கு வந்த டாக்டரம்மாவுக்கும், சொசைட்டியில் அன்று பால் ஊற்றாமல் வந்து நின்ற அத்தனை பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

கருமாதி முடிந்து ஊருக்குக் கிளம்பும் முன் முருகானந்தம் மாமனாரிடம் கேட்டான்: "மாட்ட என்ன செய்யலாம் மாமா? குடுத்துருவமா?"

சம்பந்தி அவனைப் பார்க்காமல் சொன்னார்: "கெடக்கட்டும் மாப்ள. குழி தீரட்டும், அப்பறம் பேசுவோம்."

அந்தக் குழி தீருவதற்கு முன்பே அவரும் மீனாளும் பக்கத்தில் இன்னொன்றை நிரப்பி மூடிவிட்டார்கள்.